கம்ப்ரசருக்கும் ஜி.ஐ. லைனுக்கும் நடுவே இரண்டடி ரப்பர் ஹோஸ்

கோவை ஆவாரம்பாளையத்தில், ஹைட்ராலிக் ஹோஸ்களை அளவுக்கு வெட்டி முனை பொருத்திக் கொடுக்கும் ஒரு சிறிய கடையில் வாங்கிய ரப்பர் ஹோஸைப் பற்றியது இந்த மதிப்புரை. அரை அங்குல உள்விட்டம், 600 மி.மீ. நீளம், ஒற்றைக் கம்பிப் பின்னல், இரு முனையிலும் தனியே சுழலும் நட்டு. எங்கள் பட்டறையில் உள்ள, காற்றை இரண்டு கட்டமாக அமுக்கும் 5 ஹெச்.பி. பிஸ்டன் கம்ப்ரசரின் டேங்க் வாயையும், சுவரோடு ஓடும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் லைனையும் இணைப்பது மட்டுமே அதன் வேலை. ஹோஸ், முனையை நசுக்கிப் பிடிக்கவைக்கும் கிரிம்பிங் கூலி, இரு புறமும் மரையுள்ள இணைப்புத் துண்டான கோன் நிப்பிள் இரண்டு எல்லாம் சேர்த்து அறுநூறு ரூபாய்க்குச் சற்று மேலே ஆயிற்று. இவ்வளவு சிறிய பொருளுக்கு இத்தனை நீளமான மதிப்புரை எதற்கு என்று கேட்பவர்கள், டேங்க் வாயில் விரிசல் விட்ட நிப்பிளை அவசர வேலைக்கு நடுவே கழற்றிப் பார்க்காத பாக்கியசாலிகளாக இருக்க வேண்டும்.

பிஸ்டன் கம்ப்ரசர் ஓடும்போது அசையாமல் நிற்காது. எங்களுடைய பம்ப் நிமிடத்துக்கு ஏறக்குறைய 900 சுற்று சுற்றுகிறது. அதாவது நொடிக்கு 15 குலுக்கல், மணிக்கு 54,000 குலுக்கல். இந்த அதிர்வு தரைக்குப் போகாமலிருக்கக் கால்களுக்குக் கீழே ரப்பர் பேட் வைக்கிறோம். பேட் வைத்ததும் தரை அமைதியாகிவிடும். ஆனால் டேங்க் முன்பைவிடத் தாராளமாகவே ஆடத் தொடங்கும். சீராக ஓடிக்கொண்டிருக்கும்போது இருப்பதைவிடக் கிளம்பும்போதும் நிற்கும்போதும்தான் இந்த ஆட்டம் பெரிது. மோட்டார் அணைந்து, ஃப்ளைவீல் மெல்ல வேகம் குறைந்துவந்து, பேட் மேல் நிற்கும் எந்திரத்தின் இயல்பான ஆட்ட வேகத்தைக் கடக்கும் அந்த ஒரு கணத்தில், மொத்த டேங்கும் பக்கவாட்டில் ஒருமுறை நன்றாக உலுக்கிக்கொண்டு அடங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இந்த ஆட்டம் பிடிக்காத சிலர், பேட்டை எடுத்துவிட்டு நான்கு காலையும் காங்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்கிவிடுகிறார்கள். தரை சமமாக இல்லாத இடத்தில் அப்படி இறுக்கினால் கால்களின் வெல்டிங்கில் நிரந்தரமாக ஓர் இழுவை ஏறிவிடும். பிறகு விரிசல் விடுவது நிப்பிளாக இராது, டேங்க்காகவே இருக்கும்.

ஆடும் டேங்கையும் ஆடாத லைனையும் ஜி.ஐ. பைப்பாலேயே நேரடியாக இணைத்துவிட்டால், அசைவு முழுவதும் வந்து சேர்வது டேங்க் வாயின் முதல் மரையில்தான். நடுத்தர வகை அரை அங்குல ஜி.ஐ. பைப்பின் சுவர்க் கனம் 2.6 மி.மீ.; அதில் வெட்டும் பி.எஸ்.பி. என்னும் பிரிட்டிஷ் பைப் மரையின் ஆழம் 1.16 மி.மீ. மரைப் பள்ளத்தின் அடியில் மிஞ்சுவது பாதிக் கனத்தைவிடச் சற்றே அதிகமான இரும்பு மட்டும்தான். விரிசல் எப்போதும் மரை முடிந்து வால்வுக்குள் நுழையும் விளிம்பில், பைப்பைச் சுற்றி வட்டமாக ஓடுவதற்கு இதுவே காரணம். விரிசல் விடாமல் தப்பினாலும் டெஃப்லான் டேப் உள்ளேயே அரைபட்டுக் கசிவு தொடங்கும். அந்தக் கசிவை அற்பமென்று எண்ணுவதற்கில்லை. 7 பார் அழுத்தத்தில் 1.6 மி.மீ. துளை ஒன்று நிமிடத்துக்கு ஏறக்குறைய 6.5 கன அடி காற்றை வெளியே விட்டுவிடும். 5 ஹெச்.பி. கம்ப்ரசர் தருவதே நிமிடத்துக்கு 18 முதல் 20 கன அடிதான் என்னும்போது, மூன்றில் ஒரு பங்கு காற்றும் அதற்கு நாம் கட்டும் மின்கட்டணமும் அந்த ஒரு துளை வழியாகப் போய்விடுகின்றன.

கோவை கம்ப்ரசர் செய்யும் ஊர். கம்ப்ரசர் தயாரிக்கும் எல்ஜி எக்விப்மென்ட்ஸ் நிறுவனம் 1960-இல் தொடங்கியது இங்கேதான். எந்தக் கம்பெனியின் எந்திரத்தை வாங்கினாலும், டேங்க் வாய்க்கு அப்பாலுள்ள முதல் இரண்டடி பொதுவாக விற்பவரின் பொறுப்பும் ஆவதில்லை, லைன் இழுக்கும் பிளம்பரின் கவனத்துக்கும் வருவதில்லை. கடைசியில் பட்டறைக்காரரே கடைத்தெருவுக்குப் போய்க் கையில் கிடைப்பதை வாங்கி வந்து மாட்டுகிறார்.

அப்படிக் கையில் கிடைப்பவற்றில் முதலிடம், வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது, குளியலறை கீசருக்கான ஸ்டீல் பின்னல் கனெக்ஷன் பைப்புக்கு. பளபளக்கும் பின்னலைப் பார்த்ததும் உயர் அழுத்த ஹோஸ் என்ற நம்பிக்கை பிறந்துவிடுகிறது. அரை அங்குல நட்டு இரு முனையிலும் தயாராக இருப்பதால் மாட்டுவதும் எளிது. பழைய கீசர் பைப் ஒன்றை நீளவாக்கில் கிழித்துப் பார்த்தால் உண்மை தெரியும். வெளியே தலைமுடி போன்ற கம்பிகளின் ஒற்றை அடுக்கு. உள்ளே ஏறக்குறைய 8 மி.மீ. மட்டுமே துளையுள்ள மெல்லிய குழாய். முனையில் மெல்லிய தகட்டு வளையத்தால் நசுக்கிப் பிடித்த ஒரு பித்தளைத் துண்டு. அந்த உட்குழாய் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்னும் ரப்பர். வெந்நீருக்கு அது மிக நல்ல ரப்பர். கனிம எண்ணெய்க்கு ஆகவே ஆகாது. எண்ணெய் ஊற்றி ஓட்டும் எந்தப் பிஸ்டன் கம்ப்ரசரும் காற்றோடு கொஞ்சம் எண்ணெய்ப் புகையையும் சேர்த்தே அனுப்பும். ரிங் தேய்ந்த பம்ப் என்றால் கேட்கவே வேண்டாம். ஈ.பி.டி.எம். அந்த எண்ணெயை உறிஞ்சி ஊதி, மென்மையாகி, முதலில் துளையை இன்னும் குறுக்கி, பின்னர் ஒரு நாள் பின்னல் விலகிய இடத்தில் கொப்புளமாக எட்டிப் பார்த்து வெடிக்கும். எத்தனை பார் தாங்கும் என்ற அச்சு அநேகமாக அதன் மேல் இருக்காது. இருந்தாலும் அது நீருக்கான கணக்கு. நீர்க்குழாய் உடைந்தால் தரை நனையும், அவ்வளவுதான். 220 லிட்டர் அழுத்தக் காற்றோடு இணைந்த குழாய் உடைந்தால், டேங்க் காலியாகும்வரை அது எதிரே நிற்பவரை அடித்துக்கொண்டே இருக்கும்.

நூல் பின்னல் போட்ட பி.வி.சி. ஹோஸையும் இரண்டு கிளிப்பையும் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. தகரக் கூரைக்கு அடியில், சித்திரை மாதத்தில், வெதுவெதுப்பான காற்று போகும் இடத்தில் பி.வி.சி. இளகும், இளகியதும் கிளிப் பிடி தளரும். நீல நிற பி.யு. (பாலியூரித்தேன்) டியூப், எந்திரத்துக்குள் வால்வுக்கும் சிலிண்டருக்கும் இடையே ஓட வேண்டியது. துணிப் பின்னல் போட்ட 20 பார் ரப்பர் ஏர் ஹோஸ் உண்மையில் இந்த வேலைக்கு மிகவும் பொருத்தமானது, ஒற்றைக் கம்பி ஹோஸைவிட இளக்கமானதும்கூட. ஆனால் நான் விசாரித்த கடைகளில் அதைச் சுருளாகவே விற்கிறார்கள். அரை மீட்டர் வெட்டிக் கொடுத்தாலும், அதன் வெளிவிட்டத்துக்குச் சேரும் ஃபெர்ரூல் (முனையை ஹோஸோடு நசுக்கிப் பிடிக்கும் உலோகக் குழல்) இல்லாமல் கிளிப் போட்டே பிடிக்கச் சொல்கிறார்கள். நிரந்தரமாக அழுத்தத்தில் நிற்கும் இடத்தில் கிளிப்பை நான் விரும்பவில்லை.

நேர்மையாக ஒப்பிட வேண்டிய போட்டியாளர், நெளிவுக் குழாயின் மேல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின்னல் போட்ட முழு உலோக ஹோஸ். வெப்பமும் எண்ணெயும் அதை ஒன்றும் செய்யாது. பெரிய ஆலைகளின் கம்ப்ரசர் அறைகளில் அதற்கு மரியாதையான இடம் உண்டு. ஆனால் அந்த நெளிவுகள் குறுக்காக வளைவதற்கு மட்டுமே இடம் கொடுக்கும். நீளவாக்கில் இழுப்பதையும் அமுக்குவதையும் முறுக்குவதையும் பொறுக்காமல், நெளிவின் முகட்டில் களைத்து விரிசல் விடும். ஆகவே அதிர்வு எந்தத் திசையில் அதிகமோ அதற்குக் குறுக்காக, பெல்ட் கம்ப்ரசர் என்றால் கிராங்க் ஷாஃப்டுக்கு இணையாக, அதை நேராகப் பொருத்த வேண்டும். எங்கள் கம்ப்ரசர் மூலையில் நிற்கிறது. டேங்க் வாயும் சுவர் லைனும் செங்கோணத்தில் சந்திக்கின்றன. அங்கே உலோக ஹோஸ் வைத்தால் வளைவும் முறுக்கும் இழுவையும் ஒன்றாகவே விழும். விலையும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இடம் அமைந்தவர்கள் தாராளமாக அதை வாங்கலாம், எங்களுக்கு அமையவில்லை.

இனி ஹோஸ் கடைக்கு வருவோம். உரிமையாளர் முதலில் மேசை மேல் எடுத்து வைத்தது இரட்டைக் கம்பிப் பின்னல் ஹோஸ். "டபுள் வயரே போட்டுக்குங்ணா, நூறு ரூபாதான் வித்தியாசம், அப்புறம் திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லீங்க" என்றார். அவரிடம் வருபவர்களில் பெரும்பாலோர் மண் அள்ளும் எந்திரம் ஓட்டுபவர்கள். அவர்களுக்கு அது நியாயமான யோசனை. நம் தேவைக்கு அது நேர் எதிர். எஸ்.ஏ.இ. என்னும் அமெரிக்கத் தரநிலையில் 100 ஆர்1 எனப்படும் ஒற்றைக் கம்பி வகை, அரை அங்குல அளவில் 160 பார் வேலை அழுத்தம் தாங்கும். இரட்டைக் கம்பியான ஆர்2 வகை 275 பார். எங்கள் பிரஷர் சுவிட்ச் 10 பாரில் மோட்டாரை அணைத்துவிடும். ஒற்றைக் கம்பியே தேவைக்கு 16 மடங்கு இருக்கும்போது இரண்டாவது பின்னல் கூட்டுவது விறைப்பை மட்டுமே. விறைத்த ஹோஸ் அதிர்வை வாங்கிக்கொள்ளாமல் அப்படியே சுவருக்குக் கடத்திவிடும். அதிக அழுத்தம் தாங்கும் ஹோஸ்தான் நல்ல ஹோஸ் என்ற எண்ணம் இந்த இரண்டடிக்குப் பொருந்தாது. இதைச் சொன்னதும் அவர் வாதாடாமல் ஒற்றைக் கம்பிச் சுருளை இறக்கினார். விலை உயர்ந்ததை விற்பதற்காக வாடிக்கையாளரைத் துளைக்காத கடை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். உள்ரப்பர் எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல்தானா என்று கேட்டதற்கும், ஹைட்ராலிக் ஆயிலுக்கான ஹோஸ் வேறு எதில் இருக்கும் என்று அவர் திருப்பிக் கேட்டது சரியான பதிலே.

வேலை செய்த விதத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். அறுக்கும் சக்கரத்தில் வெட்டிய ஹோஸின் உள்ளே ரப்பர்த் தூளும் கம்பித் துணுக்கும் நிறைந்திருக்கும். பல இடங்களில் வாயால் ஒருமுறை ஊதிவிட்டு முனையைச் செருகிவிடுவார்கள். அந்தத் தூள் பின்னர் ஃபில்டரிலும் சோலினாய்டு வால்விலும் போய் உட்காரும். இங்கே ஒரு சிறிய பஞ்சு உருளையைக் காற்றுத் துப்பாக்கியால் ஹோஸுக்குள் செலுத்தினார்கள். கரி படிந்து மறுமுனையில் வந்து விழுந்த அதை எடுத்துப் பார்த்துவிட்டு, வெள்ளையாக வரும்வரை மறுபடியும் செலுத்தினார்கள். பிறகு, முனை எவ்வளவு ஆழம் செல்ல வேண்டுமோ அந்த நீளத்தை ஹோஸின் மேல் சாக்பீஸால் குறித்து, ஃபெர்ரூலை மாட்டி, முனையைக் குறிவரை செருகி, கிரிம்பிங் எந்திரத்தின் தாடைகளுக்கு நடுவே வைத்து நசுக்கினார்கள். நசுக்கிய பின் வேலை செய்த தம்பி, வெர்னியரால் ஃபெர்ரூலின் விட்டத்தை இரண்டு மூன்று இடங்களில் அளந்து, சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையோடு ஒப்பிட்ட பிறகுதான் கையில் கொடுத்தார். இந்த அளவெடுப்பு வெறும் சடங்கில்லை. குறைவாக நசுக்கினால் அழுத்தத்தில் முனை நழுவி வரும்; கூடுதலாக நசுக்கினால் உள்ளே இருக்கும் எஃகுக் குழல் சுருங்கித் துளை குறுகும், ரப்பரும் கிழியும்.

அந்தக் கடையில் கிடைத்தவற்றுள் மிகப் பயனுள்ளது நிப்பிளைப் பற்றிய குறிப்பு. சுழலும் நட்டோடு வரும் ஹோஸ் முனையில் காற்றை அடைப்பது மரை இல்லை. முனையின் கூம்பு, எதிரே உள்ள நிப்பிளின் 60 டிகிரிக் குழிவில் உட்கார்ந்து, உலோகத்தோடு உலோகம் பொருந்தி அடைக்கிறது. நட்டின் மரை இரண்டையும் இழுத்துப் பிடிப்பதோடு சரி. பைப் கடையில் வாங்கும் சாதாரண ஜி.ஐ. ஹெக்ஸ் நிப்பிளில் அந்தக் குழிவு கிடையாது. அதன் மேல் ஹோஸை மாட்டி எத்தனை சுற்று டேப் சுற்றினாலும் கசிவு நிற்காது. இன்னும் இறுக்கினால் ஹோஸின் கூம்பில் தழும்பு விழுந்து, நல்ல நிப்பிள் போட்டாலும் அடைக்காத நிலைக்கு அது போய்விடும். கோன் நிப்பிள் என்று கேட்டு வாங்க வேண்டும். டேப் தேவைப்படுவது அந்த நிப்பிளின் மறுபக்கம், வால்வுக்குள் ஏறும் சரிவு மரைக்கு மட்டும். வெளிநாட்டிலிருந்து வந்த எந்திரம் வைத்திருப்பவர்கள் மரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க என்.பி.டி.யும் நம் பி.எஸ்.பி.யும் கால் அங்குலத்தில் அங்குலத்துக்கு 18, 19 மரை என்று வேறுபடுவதால், இரண்டு மூன்று சுற்றிலேயே பிடித்துக்கொண்டு காட்டிக்கொடுத்துவிடும். அரை அங்குலத்தில் இரண்டுக்கும் 14 மரை, கையாலேயே ஏறிவிடும். மரையின் கோணம் ஒன்றில் 60 டிகிரி, மற்றதில் 55 டிகிரி என்பதால் அடைப்பு மட்டும் சரிவராது. ஏமாற்றுவது அரை அங்குலம்தான்.

நீளத்தை 600 மி.மீ. என்று முடிவு செய்தது குத்துமதிப்பாக இல்லை. அரை அங்குல ஒற்றைக் கம்பி ஹோஸை 180 மி.மீ. ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது என்கிறது தரநிலை. அந்த ஆரத்தில் ஒரு செங்கோண வளைவுக்கு 283 மி.மீ. ஹோஸ் வேண்டும். ஃபெர்ரூல் முடிந்த இடத்திலேயே வளைவு தொடங்கினால் ரப்பர் அங்கே ஒடியும் என்பதால், இரு புறமும் ஹோஸின் வெளிவிட்டத்தைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 40 மி.மீ. அளவு, நேராக விட வேண்டும். முனைகள் இரண்டும் தலா 65 மி.மீ. எடுத்துக்கொள்ளும். கூட்டினால் 500 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. மீதி நூறு மி.மீ. டேங்க் ஆடுவதற்கான தளர்வு. லைன் டேங்குக்கு மேலேயே இருந்து ஹோஸ் முழு அரைவட்டமாகத் திரும்ப வேண்டியிருந்தால், இதே கணக்கில் 800 முதல் 900 மி.மீ. தேவைப்படும். ஹோஸ் விலை மீட்டர் கணக்கில் மிகக் குறைவு, செலவின் பெரும்பகுதி முனைகளுக்கே போகிறது. ஆகவே நீளத்தில் கஞ்சத்தனம் காட்ட ஒரு காரணமும் இல்லை.

மாட்டும் வேலையில் கவனிக்க வேண்டியவை சிலவே. முதலில் டேங்க் வாயில் பால் வால்வு, அதற்குப் பிறகே ஹோஸ். ஹோஸில் ஏதேனும் ஆனால் டேங்கை அங்கேயே அடைத்துவிட முடிய வேண்டும். நட்டை இறுக்கும்போது ஒரு ஸ்பேனரால் ஹோஸ் முனையின் ஆறுபட்டையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு ஸ்பேனரால் நட்டைத் திருப்ப வேண்டும். ஒரே ஸ்பேனரால் திருப்பினால் கடைசிக் கால் சுற்றில் ஹோஸும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். முறுக்கு விழுந்திருக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்க, ஹோஸின் மேல் நீளவாக்கில் அச்சிட்ட எழுத்து வரியே போதும். அந்த வரி வளைவின் மேல் நேராக ஓடினால் சரி, சுழன்று பக்கவாட்டுக்குப் போனால் தளர்த்தி மறுபடியும் மாட்ட வேண்டும். ஹோஸ் முடிந்து லைன் தொடங்கும் இடத்தில், கைக்கெட்டும் தூரத்துக்குள்ளேயே பைப்பைச் சுவரோடு கிளாம்ப் போட்டுப் பிடித்திருக்க வேண்டும்; அங்கே பைப் தொங்கினால் ஹோஸ் போட்டும் பயனில்லை. ஹோஸ் நடுவில் தொய்ந்தால் அந்தப் பள்ளத்தில் நீர் தேங்கும் என்பதால், டேங்க் வாயிலிருந்து லைனை நோக்கி ஏறிச் செல்லும்படி வைத்தோம். முனை நழுவினால் ஹோஸ் சாட்டையாக அடிக்காமலிருக்க, இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு சிறிய கம்பிக் கயிறும் கட்டப்பட்டிருக்கிறது. 600 மி.மீ. ஹோஸுக்கு இது மிகையென்று சிலர் சொல்லலாம். அந்த வழியாக ஆட்கள் நடக்கும் பட்டறைக்கு மிகையில்லை.

ஓட்டிப் பார்த்ததில் தெரியும் மாற்றம் ஐயத்துக்கு இடமற்றது. முன்பு கம்ப்ரசர் ஓடும்போதெல்லாம் எதிர்ச் சுவரில் உள்ள ரெகுலேட்டர்வரை லைன் ரீங்கரிக்கும். இப்போது முதல் எல்போவில் விரல் வைத்தால் லேசான துடிப்பு மட்டுமே உணர முடிகிறது. மோட்டார் நிற்கும் நேரத்தில் டேங்க் உலுக்கிக்கொள்ளும் அந்தக் கணத்தில், ஹோஸின் வளைவு ஒரு விரற்கடை திறந்து மூடுகிறது, கிளாம்ப்புக்கு அப்பால் பைப் அசையவில்லை. ஒரு மழைக்காலம் முழுவதும் ஓடிய பிறகு சோப்பு நுரை தடவிப் பார்த்ததில் எந்த இணைப்பிலும் குமிழி இல்லை. இரவு 8 பாரில் நிறுத்தி வால்வைத் திறந்தே விட்டுச் சென்றாலும், காலையில் கேஜ் முள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இறங்குவதில்லை.

முனையில் துளை குறுகுவதால் அழுத்தம் குறையாதா என்பது நியாயமான கேள்வி. 7 பாரில் நிமிடத்துக்கு 20 கன அடி போகும்போது, இந்த நீளத்துக்கும் இரு முனைகளுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் இழப்பு 0.02 பாரைக்கூடத் தொடாது. கவலைப்பட வேண்டியது வேறிடத்தில் இருக்கிறது. கழற்றி மாட்ட வசதி என்று எண்ணி இதே இடத்தில் கால் அங்குல குயிக் கப்ளர் போடுபவர்கள், மொத்தக் காற்றையும் அந்தச் சிறிய வாய் வழியாக அனுப்பி, ஹோஸ் இழப்பதைப்போல் பல மடங்கை அங்கே இழக்கிறார்கள். அதை ஈடுகட்ட பிரஷர் சுவிட்சை ஒரு பார் உயர்த்தினால் மின்சாரம் 6 அல்லது 7 விழுக்காடு கூடுதலாகச் செலவாகும். கப்ளருக்கு உரிய இடம் துப்பாக்கியும் கிரைண்டரும் மாட்டும் மறுமுனை.

குறைகள் இல்லாமல் இல்லை. முதல் சில வாரங்களுக்கு ரப்பர் வாடை கம்ப்ரசர் பக்கம் போகும்போதெல்லாம் மூக்கில் ஏறும்; வெளித்தோலைத் தொட்டால் கையில் கரி ஒட்டும். முனைகளின் துத்தநாகப் பூச்சு மழைக்காலத்திலேயே வெள்ளைப் பொடியாகப் பூக்கத் தொடங்கிவிட்டது. செயல்பாட்டுக்குக் கெடுதல் இல்லையென்றாலும், ஐந்தாறு ஆண்டு கழித்து நட்டைக் கழற்றும் நாளில் தொல்லை கொடுக்கும் என்றே தோன்றுகிறது. மரையில் சிறிது கிரீஸ் தடவி மாட்டுவது நல்லது, கூம்பில் படாமல். புதிய ஹோஸை ஸ்ப்ரே பெயின்ட் துப்பாக்கி இருக்கும் லைனில் சேர்ப்பவர்கள், முதலில் கொஞ்ச நேரம் திறந்துவிட்டு ஊதித் தள்ளிவிட வேண்டும். கடையின் மேல் உள்ள பெரிய குறை, அழுத்தச் சோதனை வசதி இல்லாதது. கிரிம்பிங் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், செய்த ஹோஸைத் தண்ணீர் அடைத்து அழுத்தம் ஏற்றிக் காட்டும் பம்ப் அங்கே கிடையாது. சான்றிதழ் கேட்கும் கம்பெனிகளுக்கு இந்தக் கடை உதவாது.

இந்த ஹோஸை எங்கே மாட்டக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இதே கடையில் அதற்காகவே இதைக் கேட்டு நின்ற ஒருவரைப் பார்த்தேன். பம்ப் தலையிலிருந்து டேங்குக்கு வரும் குழாய் வேறு, டேங்கிலிருந்து லைனுக்குப் போகும் குழாய் வேறு. நைட்ரைல் ரப்பர் ஹோஸின் எல்லை 100 டிகிரி. டேங்கில் தங்கி ஆறிய காற்று கோடையிலும் அதற்கு வெகு கீழேயே இருக்கும். பம்ப் தலையிலிருந்து புறப்படும் காற்றோ, இரண்டு கட்ட எந்திரத்திலும் 150 டிகிரியைத் தாண்டக்கூடியது. ஒற்றைக் கட்டத்தில் இன்னும் அதிகம். அங்கே கம்பெனி கொடுத்த தாமிரக் குழாயோ இறக்கை வைத்த குழாயோ உடைந்தால், அதையே வாங்கிப் போட வேண்டும். ரப்பர் அங்கே கருகி, உட்புறம் உதிர்ந்து, டேங்க் வாயிலுள்ள நான்-ரிட்டர்ன் வால்வை அடைத்துவிடும். அந்தக் குழாயில் நிறுத்து வால்வு எதையும் வைக்கக் கூடாது. மூடியிருக்கும்போது மோட்டாரைப் போட்டால் அழுத்தம் போக வழியிருக்காது.

10 ஹெச்.பி.யும் அதற்கு மேலும் வைத்திருப்பவர்கள் முக்கால் அங்குலத்துக்குப் போக வேண்டும். ஒற்றைக் கம்பியில் அது 105 பார் தாங்கும், வளைவு ஆரம் 240 மி.மீ.; செங்கோணத்துக்கே 700 மி.மீ. நீளம் கேட்கும். எந்த அளவானாலும், வெட்டுவதற்கு முன் சுருளின் மேல் உள்ள அச்சைப் படித்துவிடுவது நல்லது. வகை, அளவு, அழுத்தம் ஆகியவற்றோடு, எந்த ஆண்டின் எந்தக் காலாண்டில் செய்தது என்பதும் அதில் இருக்கும். ஜெர்மானிய டி.ஐ.என். 20066 தரநிலை, ஹைட்ராலிக் ஹோஸுக்குக் கடையில் கிடந்த 2 ஆண்டையும் சேர்த்து மொத்தம் 6 ஆண்டு ஆயுள் வைக்கிறது. 10 பாரில் ஓடும் நம் ஹோஸ் அதைவிட நீடிக்கலாம் என்றாலும், பழைய சுருளின் கடைசி மீட்டரைப் புதிய விலைக்கு வாங்க வேண்டியதில்லை. எனக்குக் காட்டிய முதல் சுருள் மூன்று ஆண்டுக்கு முந்தையது; தேதியைச் சுட்டிக்காட்டியதும் உள்ளே போய்ப் பிரிக்காத வேறொரு சுருளைக் கொண்டுவந்து அதிலிருந்து வெட்டிக் கொடுத்தார்கள், முகம் சுளிக்காமல்.